ஹாஜிரா மேடத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி

முப்பத்தொரு வருஷம் நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தேன். பெங்களூரில் எங்கே கார் மோதினாலும் பட்டறையில் போய் நின்று, நசுங்கிய பம்பரைச் சுற்றி வந்து, தப்பு யார் மேல், என்ன வேகத்தில் வந்தார்கள், பிரேக்கை எப்போது மிதித்தார்கள் என்று அறிக்கை எழுதுவேன். நசுங்கலைப் பார்த்தே ஓட்டியது பெண்ணா ஆணா என்று சொல்லிவிடுவேன் என மெக்கானிக்குகளிடம் பெருமையடித்ததும் உண்டு. இதில் ஒரே ஒரு சிக்கல். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

என்னைப் பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய் விட்டவள் என் மனைவி கோமளம். இருபத்திரண்டு வருஷம் அவள்தான் ஓட்டினாள். யாராவது கேட்டால், "விபத்தாப் பார்த்துப் பார்த்து ஆசை விட்டுப்போச்சு" என்று தத்துவம் பேசுவேன். உண்மை என்னவென்றால், இருபத்தாறு வயதில் நண்பனின் காரை எடுத்து அல்சூர் ஏரிக்கரையில் நின்றிருந்த ஒரு இளநீர் வண்டியின் மேல் ஏற்றினேன். யாருக்கும் அடிபடவில்லை. உருண்டு ஓடிய இளநீர்களைப் பொறுக்கியபடி அந்த வண்டிக்காரர் என்னைத் திட்டிய திட்டு மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

போன வருஷம் கோமளத்துக்கு வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்க முடியவில்லை. ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

"இப்பவாவது கத்துக்கோங்கோ" என்றாள் அவள்.

"அம்பத்தெட்டு வயசுலயா?"

"பதினெட்டு வயசுல கத்துக்கச் சொல்லணும்னா, அப்போ நான் உங்களுக்கு ஆம்படையாளே இல்லையே."

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் லாயிட் என்பவர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறார். பணத்தைக் கட்டினேன். "உங்களுக்கு எங்க பெஸ்ட் டீச்சரப் போடறேன் சார், காலைல ஆறரைக்கு ரெடியா இருங்க" என்றார்.

மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் எல் போர்டு வைத்த வெள்ளைக் கார் நின்றது. அதன் பக்கத்தில் கறுப்பு புர்கா அணிந்த ஒரு பெண்மணி. முகம் மறைக்கவில்லை. முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் அவர் பக்கத்திலேயே நின்று டிரைவிங் மாஸ்டரைத் தேடினேன். அவரும் தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். ஐந்து நிமிஷம் இப்படியே போயிற்று.

"கஸ்தூரிரங்கன் சாரா?" என்று கடைசியில் அவர் கேட்டார்.

"ஆமா. மாஸ்டர் இன்னும் வரலையா?"

"வந்து பத்து நிமிஷம் ஆச்சு. ஏறுங்க."

பழக்கதோஷத்தில் இடது பக்கக் கதவைத் திறந்தேன்.

"அது என் சீட்டு சார்" என்றார்.

அவர் பெயர் ஹாஜிரா பானு. அவருடைய அப்பா வாணியம்பாடியிலிருந்து தோல் ஷாப்பில் வேலைக்காக டானரி ரோடுக்கு வந்தவர். வீட்டில் உருதும் வெளியில் தமிழும் கன்னடமும் பேசுவார். நான் கிளட்ச்சை விடும்போது மட்டும் மூன்றும் கலந்து வரும். "நிதானா, நிதானா... அய்யோ நக்கோ! வுடாதீங்க!" அதற்குள் நான் விட்டிருப்பேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும்.

அன்று மத்தியானமே லாயிட்டுக்குப் போன் செய்தேன். எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, ஒரு அந்நிய ஆணோடு தனியாகக் காரில் உட்கார அந்த அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே, அவர்கள் வீட்டில் ஏதாவது சொல்வார்களே, அதனால் அவருடைய நன்மைக்காக வேறு ஆளைப் போடலாமா என்று கேட்டேன். லாயிட் கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"அவங்களையே கேட்டேன் சார். அவங்களுக்குச் சங்கடம் ஒண்ணும் இல்லையாம். உங்களுக்கு இருந்தா சாயங்காலத்துக்கு ஒருத்தர் இருக்கார். ஆனா அவர் கத்துவார்."

எனக்குக் கத்தினால் ஆகாது. ஹாஜிரா மேடத்தோடே இருந்துவிட்டேன்.

நான் என்னை ஒரு மதவெறியன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ரம்ஜானுக்கு பிரேசர் டவுனில் சமோசா வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், அதுவும் வெங்காய சமோசாதானா என்று மூன்று முறை கேட்டுவிட்டு. ஆபீசில் எனக்கு மூன்று முஸ்லிம் நண்பர்கள். இந்தத் தகவலை யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் முஸ்லிம் பெண் ஒருத்தியோடு ஐந்து நிமிஷத்துக்கு மேல் நான் பேசியது அந்தக் காரில்தான். அப்படிப் பேசாமலே அவர்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

நாலாம் நாள் கேட்டுவிட்டேன். "மேடம், இந்த வெயில்ல இத போட்டுண்டு... உங்களுக்குப் புழுங்கலையா?"

அவர் என் சட்டையைப் பார்த்தார். முதுகோடு ஒட்டி, தொப்பலாக நனைந்திருந்தது. ஏசி போட்ட காரில், காலை ஆறே முக்காலுக்கு.

"எனக்கு இல்ல சார்" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார். "எங்கம்மா போடறதில்ல. நான்தான் முப்பது வயசுல போட ஆரம்பிச்சேன். நாள் பூரா ஏறி எறங்கற வேலை, உள்ள என்ன டிரெஸ் போட்டேன்னு யாரும் பாக்கப் போறதில்ல, இஸ்திரி மிச்சம். இது உங்களுக்குச் சொல்ற காரணம். அல்லாவுக்குச் சொல்ற காரணம் வேற ஒண்ணு இருக்கு. அது உங்களுக்கு எதுக்கு? செகண்ட் கியர் போடுங்க."

போட்டேன். நாலாவது கியர் விழுந்தது.

இரண்டாவது வாரம் அந்த விபத்து நடந்தது. காரில் இல்லை, போனில்.

ஏரியைச் சுற்றி வாக்கிங் போகிற எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. ஓய்வுபெற்ற கோதண்டராமன் அதில் தினமும் ஐந்தாறு செய்திகள் போடுவார். அன்று சாயங்காலம் அவர் போட்டது முஸ்லிம் குடும்பங்களைப் பற்றியது. நாலு பெண்டாட்டி கட்டுவார்கள், பெண்களைப் படிக்கவிடாமல் வீட்டுக்குள் பூட்டி வைப்பார்கள், சொத்தில் சல்லிக்காசு தரமாட்டார்கள் என்று வரிசையாக நிறைய ஆச்சரியக்குறிகளோடு இருந்தது. கடைசியில் 'பத்துப் பேருக்கு அனுப்புங்கள்' என்று வேண்டுகோள். நான் பத்துப் பேருக்கு அனுப்புகிறவன் இல்லை. ஒருவருக்கு, என் மாமா பையனுக்கு மட்டும் அனுப்பலாம் என்று தொட்டேன்.

ஒரு நிமிஷம் முன்னால்தான் ஹாஜிரா மேடம் மறுநாள் நேரத்தை அனுப்பியிருந்தார். அதனால் பட்டியலில் முதலில் இருந்தது அவர் பெயர்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அவசர அவசரமாக அழிக்கப் போனேன். அதில் இரண்டு வழி இருக்கும் அல்லவா, எல்லோருக்கும் அழிப்பது, எனக்கு மட்டும் அழிப்பது. நான் எனக்கு மட்டும் அழித்தேன். இப்போது அந்தச் செய்தி என் போனில் இல்லை, அவர் போனில் மட்டும் இருந்தது.

கோமளத்திடம் போய் நின்றேன். கேட்டுவிட்டு, நல்ல கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தப்பான ஆளுக்குப் போயிடுத்துன்னு வருத்தப்படறேளா, அத அனுப்பினதுக்கு வருத்தப்படறேளா?"

நேர்மையாகச் சொன்னால் அந்த நேரத்தில் முதலாவதற்குத்தான்.

மறுநாள் கார் வராது என்று நினைத்தேன். ஆறரைக்கு வந்து நின்றது. இரவெல்லாம் தயாரித்த மன்னிப்பை நான் தொடங்குவதற்குள், "இன்னைக்கு ரூட்டு மாத்தறேன் சார். நேரா போங்க" என்றார்.

டானரி ரோடுக்குக் கூட்டிப்போனார். அதுவரை ஏரிக்கரையிலும் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டின் காலித் தெருக்களிலும் மட்டுமே உருட்டியவன் நான். அங்கே அந்தக் காலையிலேயே கோழி ஏற்றிய வேன்கள், தள்ளுவண்டிகள், ஸ்கூட்டரில் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பறக்கிற புர்கா அணிந்த அம்மாக்கள். ஒன்பது முறை வண்டியை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு முறையும் பின்னால் ஹாரன். ஒரு அம்மா ஸ்கூட்டரை என் ஜன்னலருகே நிறுத்தி, "க்யா அங்கிள், நாஷ்டா நை கியே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"என்ன சொல்றா?"

"டிபன் சாப்பிடலையான்னு கேக்கறாங்க. பயமா இருக்கா சார்?"

"டிராஃபிக் மேடம், டிராஃபிக்."

"எனக்கும் இங்க அது ஒண்ணுக்குத்தான் பயம்."

ஒரு மரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி பேசினார்.

"மெசேஜ் வந்துச்சு சார். நாலு பொண்டாட்டின்னு போட்டிருந்துச்சு. என் சின்னத் தம்பிக்கு மூணு வருஷமா பொண்ணு தேடறோம். ஒண்ணே கெடைக்கல. மிச்சம் மூணு எங்க இருக்குன்னு அனுப்பினவருக்குத் தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்க."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குள்ள பூட்டி வெப்பாங்கன்னு இருந்துச்சு. காலைல ஆறுலருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் நான் ரோட்லதான் இருக்கேன். நீங்களே பாக்கறீங்க. பாத்துகிட்டே எப்படி சார் அத அனுப்பினீங்க?"

"நம்பி அனுப்பலை மேடம். சும்மா... ஃபார்வர்டு."

"நம்பாததயா அனுப்புவீங்க?"

நம்பி அனுப்பியிருந்தால் முட்டாள். நம்பாமல் அனுப்பியிருந்தால் அதைவிட மோசம். எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் சுவர். நான் மட்டும் சர்வேயராக அங்கே நின்றிருந்தால், தப்பு நூற்றுக்கு நூறும் ஒரே பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"மன்னிச்சுக்கோங்கோ" என்றேன்.

"எனக்குக் கோவம் இருக்கு சார். கிளாஸ்ல காட்ட மாட்டேன், அது என் தொழில். ஆனா இருக்கு. அத நீங்க தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். ஸ்டார்ட் பண்ணுங்க."

பத்தாவது முறை வண்டி நின்றது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் நடந்துகொண்டதுதான் இன்னும் வெட்கம். குற்ற உணர்ச்சியில் அவருக்கு ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று துடித்தேன். முஸ்லிம் பெண்களுக்கு எந்தெந்தச் சட்டம் துணை இருக்கிறது என்று இணையத்தில் தேடிப் படித்தேன். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, குரலைத் தாழ்த்தி, "மேடம், இந்த முத்தலாக் இப்போ செல்லாது. சட்டமே வந்தாச்சு. யாராவது அப்படிச் சொன்னா நீங்க பயப்படவே வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார்" என்றேன்.

அன்றுதான் அவர் முதல் முறையாக என் எதிரில் சிரித்தார். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்து, நான் வண்டியை நிறுத்தி, மறுபடி சிவப்பாகும்வரை சிரித்தார்.

"எனக்கு யாரு சார் சொல்றது? நான்தான் அவருக்குச் சொன்னேன்."

"புரியலை."

"குலான்னு இருக்கு. பொம்பள தானே கேட்டு வாங்கற பிரிவு. நிக்காஹ் அப்ப அவர் எனக்குக் குடுத்த மஹர் பணத்தத் திருப்பிக் குடுத்துட்டேன். காஜி மூணு தடவை யோசிச்சுப் பாருங்கன்னார். ஏழு வருஷம் யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்னு சொன்னேன்."

"அடிப்பாரா?" என்று கேட்டேன். என் கதையில் அவர் அடித்தே ஆக வேண்டும்.

"சேச்சே. நல்ல மனுசன். பேசவே மாட்டார். காலைல எழுந்தா டிவி, சாயங்காலம் வந்தா டிவி. வேலைக்கும் ஒழுங்காப் போகல. நான் ஒரு நாள் அவருக்கும் டிவிக்கும் நடுவுல போய் நின்னேன். தலைய சாய்ச்சு அந்தப் பக்கமா பாத்தார். அன்னைக்கு முடிவு பண்ணேன். எங்கம்மா அழுதாங்க. மாமா ஒருத்தர் இன்னும் என்னோட பேசறதில்ல. எங்காளுங்களும் இதுல ஒண்ணும் லேசில்ல சார், எல்லாம் நல்லா இருக்குன்னு நான் சொல்ல வரல. ஆனா கேக்க வழி இருந்துச்சு, கேட்டேன்."

பிறகு பெரிய தம்பியின் சரக்கு ஆட்டோவில் ஓட்டக் கற்றுக்கொண்டாராம். அந்தத் தம்பிதான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தான். லாயிட்டிடம் பெண்களுக்கு வகுப்பெடுக்கச் சேர்ந்து, பொறுமைசாலி என்று பெயர் வாங்கியதும் என்னைப் போன்ற கிழடுகளையும் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஹாஜிரா மேடத்தின் அப்பா இறந்தபோது, அவர் கட்டிவைத்திருந்த வீட்டைத் தம்பிகள் இரண்டு பேரும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, அக்காவுக்கு ஃபிரிட்ஜைக் கொடுத்தார்களாம்.

"ஃபிரிட்ஜுக்குள்ளயா குடியிருக்கறதுன்னு கேட்டேன். ஜமாத்துக்குப் போனேன். பெரியவங்க தம்பிங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, அவ பங்க எடுத்து வைன்னாங்க. இப்ப மேல்மாடில ரூமும் மொட்டமாடியும் எனது. தம்பிங்களுக்குக் கெடைச்சதுல பாதி."

"பாதியா?" எனக்குள் நியாயம் பொங்கியது. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையையே எடுத்துவிட்டேன். "அதென்ன பாதி? ஆணும் பெண்ணும் சமம்தானே? எங்க சட்டத்துல சரிபாதி பங்கு தெரியுமோ, சரிபாதி!"

"கைய வைங்க சார். எனக்கும் அந்தப் பாதி கம்மியாத்தான் படுது. உங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இருக்காங்களா?"

"ஒரு தங்கை. மைசூர்ல."

"அவங்களுக்கு எவ்ளோ குடுத்தீங்க?"

கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நின்றது.

நாங்கள் இருப்பது என் அப்பா கட்டிய வீடு. பதினாலு வருஷத்துக்கு முன், அவர் காரியம் முடிந்த மூன்றாம் மாதம், தங்கை வனஜாவை வரவழைத்து, சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்து வாங்கினேன். அதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். வனஜா எதிலிருந்து விடுதலை ஆனாள் என்று நான் யோசித்ததே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு ஒரு பட்டுப்புடவை வைத்துக் கொடுத்தோம். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான்.

"அவளே குடுத்துட்டா" என்றேன்.

"கேட்டீங்களா, வேணுமா வேண்டாமான்னு?"

"அவ கேக்கலையே."

ஹாஜிரா மேடம் இன்டிகேட்டர் போடச் சொன்னார். நான் வைப்பரைப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கோமளத்திடம், "வனஜா அன்னிக்குச் சந்தோஷமாத்தானே கையெழுத்துப் போட்டா?" என்று கேட்டேன்.

"சமையலுள்ல நின்னுண்டு அழுதா. நீங்க வாசல்ல ஆட்டோக்காரனோட பேரம் பேசிண்டிருந்தேள்."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நானும் எங்காத்துல எழுதிக் குடுத்துட்டுத்தானே வந்தேன்? இப்படித்தான் போலிருக்குன்னு இருந்துட்டேன்." உள்ளே போகிற போக்கில், "எனக்குக் குடுத்த புடவையோட கலர்கூட பிடிக்கலை" என்றாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வனஜாவுக்குப் போன் செய்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் கேட்பேன், அவள் நெகிழ்ந்துபோய், 'அதெல்லாம் எதுக்குண்ணா, நீ கேட்டதே போறும்' என்பாள், இரண்டு பேரும் கொஞ்சம் அழுவோம், வீடு என்னிடமே இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"வனஜா, அப்பா வீட்டுல உனக்கும் பங்கு உண்டு. உனக்கு வேணும்னா..."

"வேணும்" என்றாள்.

நான் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

"பதினாலு வருஷமா நீ கேப்பேன்னு பார்த்துண்டிருக்கேன். மாடி போறும் எனக்கு. எந்த வக்கீல், எப்போ வரணும் சொல்லு."

வக்கீல் தானப் பத்திரமாக எழுதிவிடலாம் என்றார். "தானமா? எனக்கு நீ தானம் பண்றியா?" என்று வனஜா போனிலேயே கத்தினாள். வேறு பெயரில் எழுதினோம். அவள் வீட்டுக்காரர் ரிட்டயரானதும் மைசூரைக் காலி செய்துவிட்டு வந்து மாடியில் குடியேறிவிட்டார்கள். அவள் விடிகாலை ஐந்து மணிக்கு மிக்சி போடுகிறாள். முன்பெல்லாம் மாடியில் வாடகைக்கு இருந்தவர்களை நான் அதட்டுவேன். இப்போது சொந்தக்காரியை என்ன சொல்வது?

வாக்கிங் குழுவிலும் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, கோதண்டராமன் அனுப்பியது பொய், என் டீச்சர் இப்படிப்பட்டவர், என் தங்கைக்கு நானே இப்படிச் செய்தேன் என்று நீளமாக எழுதிப் போட்டேன். பெரிய சண்டை வரும், குழுவை விட்டே வெளியேறிக் காட்டலாம் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. மறுநாள் காலை கோதண்டராமன் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார்.

முதல் டிரைவிங் டெஸ்டில் மேட்டில் வண்டியைப் பின்னால் உருளவிட்டுத் தோற்றேன். இரண்டாவதில் தேறினேன். கோமளத்தின் தோள் அதற்குள் சரியாகிவிட்டது. இருந்தாலும் வாரத்தில் மூன்று நாள் நான் ஓட்டுகிறேன், அவள் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

லைசென்ஸ் கையில் வந்த அன்று ஹாஜிரா மேடத்தைப் பார்க்க லாயிட்டின் பள்ளிக்குப் போனேன். என் மனைவியும் தங்கையும் அவரைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி சாப்பிட வேண்டும் என்றேன். நான் திருந்திவிட்டதை அவர் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சந்தோசம் சார். ஆனா நேரம் இல்ல, மூணு மணிக்கு விவேக் நகர்ல ஆள் காத்திருக்காங்க. வீட்ல எல்லாருக்கும் சலாம் சொல்லுங்க."

"அப்போ இன்னொரு நாள்?"

"பாக்கலாம்" என்றார். கோபம் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை. காரில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தச் சந்தில் மூன்று ஆட்டோக்களுக்கு நடுவே ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுத்துப் போய்விட்டார்.